நடிப்பு மாணவர்கள்

ஸ்ரீகரன் நிஜமான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது மொத்தமே நான்கு வருடம். அதிலும் கடைசி வருடத்தில் பாதி நாள் மருத்துவ விடுப்பு.

அதற்குப் பிறகு மேற்படிப்பு, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளர் வேலை, குளிரூட்டிய அறை. இப்போது அவன் நடத்தும் பாடம், பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பது. முக்கியமாக, அடங்காத வகுப்பை அடக்குவது எப்படி என்பது.

இதை நினைக்கும்போதெல்லாம் அவன் தங்கை தாட்சாயினிக்குச் சிரிப்பு வரும். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் அவள். தொண்டை கட்டி, சுக்குத் தண்ணீர் குடித்து, மறுநாள் மறுபடியும் போய் நிற்கிறவள். அண்ணனோ பட்டன் அமுக்கினால் மாறும் படங்களை வைத்துக்கொண்டு, "ஆசிரியருக்கு ஓர் ஆளுமை வேண்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவன்.

அந்த வியாழக்கிழமை காலை அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. வீட்டில் யாருமே அந்த நிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெடித்தது பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் வீட்டில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கடைக்குட்டி சிவநேசன், பிரமிளா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். அவளுக்குக் கடல் பாலத்துக்கு அப்பால் சிம்பாங் அம்பாட்டில் வீடு. அப்பா தங்கராஜு ஜுருவில் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். சிவநேசன் தன் காரை அங்கே கொண்டுபோய் விட்டபோதுதான் அறிமுகம்.

அம்மா செல்வநாயகி சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனவர்தான், அதற்குப் பிறகு சின்ன மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்ரீகரன் மட்டும் நிதானமாகச் சொன்னான். "அந்தப் பொண்ணு என்னோட பயிற்சி ஆசிரியர் குரூப்லதான் இருக்கா. கவலைப்படாதீங்கம்மா. நான் பார்த்துக்கிறேன்."

எதைப் பார்த்துக்கொள்வான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

"கார் கழுவுறவன்ர மகள்," என்றார் செல்வநாயகி இன்று காலையும், தேநீரை ஆற்றியபடி. பிள்ளைகள் மூவரும் பினாங்குத் தமிழ் பேசினார்கள். அவர் மட்டும் தன் தாய் தகப்பன் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துத் தமிழை விடவில்லை.

"கழுவுறவர் இல்லம்மா. ரிப்பேர் பண்றவர். சொந்தக் கடை," என்றாள் தாட்சாயினி.

"எல்லாம் ஒண்டுதான். என்ர அப்பா ரயில்வேயிலை சீஃப் கிளார்க். வெள்ளைக்காரன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தெரியுமோ?"

தெரியும். அந்தச் சீஃப் கிளார்க் செத்துப் பல காலம் ஆகிறது. ஆனாலும் தினமும் காலைப் பசியாறலுக்கு அவர் இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

வாசலில் கார் நின்றது. ஸ்ரீகரனுக்குத் தனி வீடு, மனைவி, மக்கள் எல்லாம் உண்டு. ஆனால் பசியாறல் அம்மா வீட்டில்தான். பூசிய வாசனைத் திரவியம் முதலில் உள்ளே வந்தது. பிறகு அவன்.

"தாட்சா, ஸ்கூல் லீவுதானே உனக்கு? இன்னைக்கு என்னோட வா. என் ஆளுங்களுக்கு ஒரு அனுபவசாலியைக் காட்டணும்."

இத்தனை வருடத்தில் அவன் அவளை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அவளுடைய வேலையை அவன் 'பேபி சிட்டிங்' என்றுதான் சொல்வான்.

"எதுக்கு?"

"சும்மாலா. நீ ஒரு பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்டு. போதும்."

அவள் போனதற்கு ஒரு காரணம், அந்தப் பிரமிளாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆவல். இன்னொன்று, அண்ணன் முழங்குவதை நேரில் கேட்டால் சில நாட்களுக்காவது நினைத்து நினைத்துச் சிரிக்கலாம்.

*

பயிற்சிக் கழகத்து அறை ஒரு பள்ளி வகுப்பறை போலவே இருந்தது. சின்ன மேசைகள், வெண்பலகை, மூலையில் வாசிப்புப் பாய்கூட. பிள்ளைகள் மட்டும் இல்லை. பிள்ளைகளுக்காகச் செய்த நாற்காலிகளில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க டீச்சர் தாட்சாயினி. என் தங்கச்சி," என்றான் ஸ்ரீகரன். "எங்க ஃபேமிலில டீச்சிங் ரத்தத்துலயே இருக்கு."

சீஃப் கிளார்க்கின் பேத்தி பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பயிற்சி எளிமையானதுதான். ஒருவர் ஆசிரியராக முன்னால் நிற்பார். மற்றவர்கள் நாலாம் ஆண்டு மாணவர்களாக நடிப்பார்கள். ஒருவன் மேசையில் தாளம் போடுவான், ஒருத்தி பக்கத்தில் இருப்பவளோடு பேசுவாள், ஒருவன் நாற்காலியை ஆட்டுவான். ஆசிரியர் சரியானதைச் செய்தால், அதாவது பாடத்தை நிறுத்தாமல் அருகில் போய் நின்றால், குரலைத் தாழ்த்திப் பெயர் சொல்லி, செய்ய வேண்டியது என்ன என்று தெளிவாகச் சொன்னால், நடிப்பவர் அடங்கிவிட வேண்டும். கத்தினாலோ, கெஞ்சினாலோ, கண்டுகொள்ளாமல் விட்டாலோ தொல்லை தொடரும். எது பலிக்கும், எது பலிக்காது என்று பயிற்சி ஆசிரியர்கள் இப்படித்தான் பழகிக்கொள்வார்கள்.

தாட்சாயினிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நிச்சயம் அண்ணன் கண்டுபிடித்ததாக இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் கோகுலன் என்ற இளைஞன் நடத்தினான். வாய்த்துடுக்கும் துருதுருப்பும் உள்ளவன். தாளம் போட்டவனின் மேசையருகே போய் நின்றதும் தாளம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"குட். அடுத்து பிரமிளா," என்றான் ஸ்ரீகரன். "நீங்க வெளியில போய் நில்லுங்க. நான் கூப்பிட்டதும் உள்ள வாங்க. ஒரு டீச்சர் வகுப்புக்குள்ள நுழையிறதையும் நாம பார்க்கணும்."

பாஜு கூரோங் உடை அணிந்த, சற்றுக் குள்ளமான பெண் எழுந்தாள். கையில் வண்ணத் தாள்கள். தாட்சாயினியைத் தாண்டும்போது மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். கதவு மூடிக்கொண்டது.

ஸ்ரீகரன் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த முறை கொஞ்சம் வித்தியாசமா செய்வோம். இவங்க என்ன பண்ணாலும் நீங்க நிறுத்தாதீங்க. பக்கத்துல வந்தாலும் சரி, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி."

"சரியா செஞ்சாலுமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சரியா செஞ்சாலும். எவ்ளோ தூரம் தாங்குறாங்கன்னு பார்க்கலாம். அப்புறம், நிஜப் பசங்க வீட்டு விஷயமெல்லாம் இழுத்துப் பேசுவாங்க. இவங்க அப்பா ஜுருவுல கார் வொர்க்‌ஷாப்ல கார் கழுவுற வேலை பார்க்கிறவர். அதையும் யூஸ் பண்ணிக்கலாம். கோகுலன், அது உங்க டிப்பார்ட்மெண்ட்."

சிலர் சிரித்தார்கள். சிலர் மேசையைப் பார்த்தார்கள்.

தாட்சாயினி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவனுடைய வகுப்பு, அவனுடைய மாணவர்கள். நாலு பேருக்கு முன்னால் சொந்த அண்ணனை எப்படித் திருத்துவது? இப்படித்தான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

*

பிரமிளா உடனே உள்ளே வந்துவிடவில்லை. வாசலில் நின்று வகுப்பை ஒருமுறை பார்த்தாள். பேச்சு சற்றுக் குறைந்ததும்தான் காலை எடுத்து வைத்தாள்.

"வணக்கம் மாணவர்களே. எல்லாரும் என் கையைப் பாருங்க. இது ஒரு ரொட்டிச் சானாய்." வட்டமாக வெட்டிய மஞ்சள் தாளை உயர்த்தினாள். "நாலு பேர் சாப்பிட வந்திருக்கீங்க. கடைக்காரர்கிட்ட ஒண்ணுதான் மிச்சம். எப்படிப் பிரிக்கலாம்?"

நல்ல தொடக்கம் என்று நினைத்தாள் தாட்சாயினி. என் வகுப்பில் இந்நேரம் பத்துக் கைகள் மேலே போயிருக்கும்.

கோகுலன் பென்சிலால் தாளம் போட ஆரம்பித்தான்.

பிரமிளா பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே அவன் அருகே நடந்தாள். மேசை ஓரத்தில் கை வைத்தாள். தாளம் நிற்கவில்லை. குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில், "கோகுலன், பென்சிலைக் கீழ வெச்சுட்டு இந்தத் தாளை ரெண்டா மடிங்க," என்று சொல்லித் தாளை நீட்டினாள்.

கோகுலன் அதை வாங்கி நாராகக் கிழித்துப் பறக்கவிட்டான்.

அவள் முகம் மாறவில்லை. ஒழுங்காகத் தாளை மடித்துக்கொண்டிருந்த முன்வரிசையைப் பார்த்து, "இவங்க அழகா மடிக்கிறாங்க, பாருங்க," என்றாள். அந்த வரிசையும் கூச்சல் போட்டது. பேசிக்கொண்டிருந்த இருவரை இடம் மாற்றினாள். அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. காகித ராக்கெட் ஒன்று அவள் தோளில் பட்டு விழுந்தது.

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவள் செய்துகொண்டிருந்தாள். செய்யச் செய்ய வகுப்பு இன்னும் மோசமானது. 

"டீச்சர், கிளாஸ் உங்க கையை விட்டுப் போயிட்டிருக்கு," என்றான் ஸ்ரீகரன், ஓரத்தில் கைகட்டி நின்றபடி.

அப்போதுதான் கோகுலன் எழுந்தான். "டீச்சர், உங்கப்பா கார் கழுவுறவராமே? எங்கப்பா கார் ஒரே அழுக்கு. அனுப்பட்டா?"

அறை வெடித்துச் சிரித்தது.

பிரமிளா கோகுலனைப் பார்க்கவில்லை. திரும்பி ஸ்ரீகரனைப் பார்த்தாள்.

"இதை இவங்களுக்கு யார் சார் சொன்னது?"

"ஸ்டாப்!" ஸ்ரீகரன் கையை உயர்த்தியபடி முன்னால் வந்தான். "பார்த்தீங்களா? மாணவன் ஒரு வார்த்தை சொன்னான். டீச்சர் பாடத்தை அப்படியே விட்டுட்டு நியாயம் கேட்க வந்துட்டாங்க. உட்காருங்க பிரமிளா."

அவள் உட்காரவில்லை.

"வகுப்பறைக் கட்டுப்பாடுங்கிறது புத்தகத்துல படிச்சு வர்றதில்ல," என்று அவன் தொடர்ந்தான். குரலில் பாகு வடிந்தது. "அது வளர்ப்புல வரணும். சில பேருக்கு வீட்டுலயே வந்திருக்கும். சில பேருக்கு எத்தனை செமஸ்டர் படிச்சாலும் வராது. அவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. இப்ப, வளர்ப்புன்னா என்னன்னு காட்டுறேன். தாட்சா, வாம்மா."

இதற்குத்தான் அழைத்து வந்திருக்கிறான். நான் அவனுடைய கண்காட்சிப் பொருள்.

தாட்சாயினி எழுந்து முன்னால் நடந்தாள். அவள் நடக்க நடக்க அறை அடங்கியது. அடங்காதீர்கள் என்று அவளைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லையே. பலகைக்கு முன்னால் வந்து திரும்பியபோது குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.

"பார்த்தீங்களா? இன்னும் வாயே திறக்கல," என்றான் ஸ்ரீகரன் பெருமையாக.

அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, பிரமிளா வெளியில நின்னப்ப இவங்ககிட்ட ஒண்ணு சொன்னீங்களே. அதை எனக்கும் சொல்லிடுங்க. அப்புறம் ஆரம்பிக்கிறேன்."

"என்ன... என்ன சொல்ற?"

"இவங்க சரியா செஞ்சாலும் நிறுத்தாதீங்கன்னு சொன்னீங்க. எனக்கும் அதே ரூல் போடுங்க. நம்ம அப்பாவைப் பத்தியும் நாலு வார்த்தை சொல்லி வைங்க. கோகுலனுக்கு உதவியா இருக்கும்."

கோகுலன் தலையைக் குனிந்துகொண்டான். பிரமிளாவின் பார்வை ஸ்ரீகரனிடமிருந்து மெல்ல நகர்ந்து தாட்சாயினிமேல் வந்து நின்றது.

வகுப்பறைக் கட்டுப்பாட்டு நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓகே. டீ பிரேக்," என்றார்.

*

பிரமிளா மாடிப்படி அருகே சன்னலோரம் நின்றிருந்தாள். தாட்சாயினி வேகமாக அவளிடம் போனாள். நன்றி சொல்வாள், கண்கலங்குவாள், தோளைத் தட்டிக்கொடுக்கலாம் என்று அவள் எதிர்பார்த்தது உண்மை.

"பிரமிளா, நீங்க செஞ்சது எல்லாமே சரிதான். நான் உங்களுக்கு..."

"சரின்னு எனக்குத் தெரியும் டீச்சர்."

தாட்சாயினி நின்றுவிட்டாள்.

"அவர் அதைச் சொன்னப்ப நீங்களும் உள்ளதானே இருந்தீங்க?"

"ஆமா."

"கேட்டீங்க."

"கேட்டேன்."

"நான் உள்ள வந்து, அந்தக் கூத்து முழுக்க நடந்து, எங்கப்பா பேரு சந்தி சிரிச்சு, எல்லாம் முடிஞ்சு, உங்களை முன்னால கூப்பிட்டப்பதான் உங்களுக்கு வாய் வந்துச்சு."

"அவர் என் அண்ணன்மா. திடீர்னு எப்படி..."

"அதான் தெரியுதேலா." பிரமிளா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "எனக்கு ஒண்ணுதான் புரியல. உங்க வீட்டுல எல்லாருமே யாருக்காவது மார்க் போட்டுக்கிட்டே இருக்கீங்க. உங்கம்மா என் சாதிக்கும் குடும்பத்துக்கும் மார்க் போட்டாங்க. உங்க அண்ணன் என்னை ஃபெயில் ஆக்கினாரு. இப்ப நீங்க பாஸ் போட வந்திருக்கீங்க. எனக்கு வேணாம் டீச்சர்."

 எத்தனையோ பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்த தாட்சாயினி, பதில் தெரியாத மாணவி போல நின்றாள்.

பிரமிளா பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க போறீங்க?"

"புவான் ஹபீபா பீவி ரூமுக்கு. துறைத் தலைவர் அவங்கதானே. நடந்ததைச் சொல்லப் போறேன். அவர் சொன்னதைக் காதால கேட்டது யாருன்னு விசாரிப்பாங்க. உங்க பேரையும் சொல்வேன்."

இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள்.

"அப்ப என்ன சொல்வீங்கன்னு பார்க்கலாம்."

*

தாட்சாயினி அண்ணனின் காரில் ஏறவில்லை. பஸ் பிடித்து ஆயர் ஈத்தாம் வந்து, சந்தை ஓரமாக வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். அண்ணனை இளக்காரமாகப் பார்ப்பது அவளுக்கு இத்தனை வருடமாகச் சுகமாக இருந்தது. இன்று அதே பார்வையை வேறொருத்தி அவள்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது உடம்பில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

மாலையில் ஸ்ரீகரன் வந்தான். வரும் முன்பே அம்மாவுக்குத் தன் பக்கத்துக் கதையைத் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தான்.

"மாணவர்களுக்கு முன்னாலை அண்ணனைத் தலைகுனிய வைச்சிட்டு வந்து நிக்கிறாய்," என்றார் செல்வநாயகி. "ஆருக்காக? அந்தப் பெட்டைக்காக."

"அம்மா, அவர் என்ன செஞ்சார்னு கேட்டீங்களா?"

"என்ன செய்தவன்? தம்பியின்ர வாழ்க்கையைக் காப்பாத்தப் பார்த்தவன்."

"கொஞ்சம் அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன்மா. அவ்ளோதான். இதெல்லாம் ஒரு டெக்னிக்," என்றான் ஸ்ரீகரன். இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டான்.

ஏழு மணிவாக்கில் சிவநேசன் வந்தான். ஜுருவில் தொழிற்சாலை வேலை. பாலத்தில் நெரிசல். பிரமிளா மதியமே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இப்போது வீடு இரண்டாகும் என்று தாட்சாயினி காத்திருந்தாள்.

சிவநேசன் காலணியைக் கழற்றினான். சாவியை மாட்டினான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவசரப்பட்டுப் புகார் கொடுத்துட்டா, அக்கா. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்."

தாட்சாயினி அவனையே பார்த்தாள். "உனக்குக் கோபம் வரலையாடா?"

"வருது. ஆனா அண்ணா வேணும்னே செஞ்சிருப்பாரா? ஒரு டெஸ்ட் மாதிரிதானே? அப்படித்தானே அண்ணா?"

"அஃப்கோர்ஸ்," என்றான் ஸ்ரீகரன், வடையை மென்றபடி.

ஞாயிற்றுக்கிழமை இதே மேசையில், உயிரே போனாலும் அவளைத்தான் கட்டுவேன் என்று முழங்கியவன் இவன். உயிர் போகும் வரைக்கும் போகவில்லை. பாலம் கடந்து வருவதற்குள் அந்த முழக்கம் முடிந்துவிட்டது.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பழைய பிக்கப் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து இறங்கியது பிரமிளா.

சிவநேசன் பதறி எழுந்தான். "உள்ள வா, பிரமிளா."

"வேணாம். செருப்பைக் கழட்டுற அளவுக்கு வேலை இல்ல."

வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டே ஸ்ரீகரனைப் பார்த்தாள். "சார், நாளைக்குக் காலையில புவான் ஹபீபா பீவி எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. உங்களை, டீச்சரை, எங்க குரூப்பை. உங்களுக்கும் இந்நேரம் மெசேஜ் வந்திருக்கும். முதுகுக்குப் பின்னால செஞ்சேன்னு நாளைக்கு நீங்க சொல்லக்கூடாது. அதான் நேர்லயே சொல்லிட்டுப் போறேன்."

ஸ்ரீகரன் வாயைத் துடைத்துக்கொண்டான். "பிரமிளா, யோசிச்சுச் செய்ங்க. அடுத்து நீங்க ஸ்கூலுக்குப் பயிற்றுப்பணிக்குப் போறப்ப உங்களை மேற்பார்வை பண்ணப் போறது நான்தான்."

"அதையும் நாளைக்கு அங்கயே சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"வீடு தேடி வந்து வாய் காட்டுறாள்," என்றார் செல்வநாயகி, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. "இதுதான் வளர்ப்போ?"

"வளர்த்தவர் வெளியில வண்டியில இருக்காரும்மா," என்றாள் பிரமிளா. "கூப்பிடட்டா? நேர்லயே கேட்டுக்கிறீங்களா?"

செல்வநாயகி வாசலைப் பார்த்தார். பிக்கப்பைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். 

கடைசியாகப் பிரமிளா சிவநேசனிடம் திரும்பினாள். குரல் முதன்முறையாகத் தணிந்தது.

"நாளைக்கு நீங்க வர்றீங்களா? உள்ள வர வேணாம். வெளியில நின்னா போதும்."

"நானா? நாளைக்கு ஷிஃப்ட்டு... அதில்ல பிரமிளா. நீயும் அண்ணாவும் கொஞ்சம் உட்கார்ந்து பேசினா, இது இவ்ளோ பெரிசா..."

"சரி," என்றாள் அவள்.

திரும்பி நடந்தாள். பிக்கப் கதவு சாத்திய சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது.

*

 சிவநேசன் திடீரென்று சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவளைத் துரத்திப் போகிறானா, இந்த வீட்டின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கார் தெருமுனையில் ரொம்ப நேரம் நின்றது. பிறகு எந்தப் பக்கமோ திரும்பியது.

"நாளைக்கு நீ போகப்போறியோ?" என்று கேட்டார் செல்வநாயகி.

"போறேன்."

"போய் என்ன சொல்லப்போறாய்?"

"அண்ணா சொன்னதை. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம."

"தாட்சா," என்றான் ஸ்ரீகரன். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு அவள்மேல் பழி போடும் முன் கெஞ்சுவானே, அந்தக் குரல். "எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்மா இது."

"அவளுக்கும் வேலை கிடைக்கிற நேரம்தான்."

அவன் அவளை வெறித்தான். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்புற வாசலுக்குப் போனான். சன்னல் திறந்தே இருந்தது.

"ஹலோ, கோகுலன்? சார் பேசுறேன். இன்னைக்கு ரொம்ப நல்லா நடிச்சீங்க. உங்ககிட்ட ஒரு தலைமைத்துவம் இருக்கு, அதை நான் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்... ஆமா, அது விஷயமாத்தான். நான் அப்படி எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கு இருக்கா? ... குட். அதான் பார்த்தேன்."

அடுத்த எண். அடுத்த பெயர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டினான். ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருக்கிறதா என்று அன்பாக விசாரித்தான்.

தாட்சாயினிக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்டில்மேல் கிடந்த அவள் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். காலையில் அண்ணன்தான் பெருமையாக அவள் எண்ணைப் பயிற்சி ஆசிரியர்களுக்குக் கொடுத்திருந்தான்.

"டீச்சர்... நான் கோகுலன்."

"சொல்லுங்க."

"சார் இப்பத்தான் ஃபோன் பண்ணாரு."

"தெரியும். சன்னல் திறந்திருக்கு."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "எனக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன் டீச்சர். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கார் கழுவுற பேச்சு... எல்லாரும் சிரிச்சாங்கல்ல. அவங்க மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கப்பா லோரி ஓட்டுறவரு டீச்சர்." பிறகு, "நாளைக்கு நீங்க சொல்லப் போறீங்களா?"

"சொல்லப் போறேன்."

"அப்ப நீங்க முதல்ல சொல்லுங்க. மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு, அப்புறம் நான்..."

"இன்னைக்குக் காலையில நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன், கோகுலன். வேற யாராவது முதல்ல வாயைத் திறக்கட்டும்னு."

அவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"நாளைக்கு நான்தான் முதல்ல பேசுவேன்," என்றாள் தாட்சாயினி. "பேசி முடிச்சதும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீங்க பேசுறதும் பேசாததும் உங்க இஷ்டம். பாஸு, ஃபெயிலு எதுவும் நான் போட மாட்டேன்."

வாசலில் அண்ணன் இன்னும் யாரையோ புகழ்ந்துகொண்டிருந்தது அறைக்குள்ளும் கேட்டது.

கோகுலன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் தொலைபேசியை வைக்கவும் இல்லை.